கை கோத்துத் தூங்கும் நீர்நாய் வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விலங்கு வீடியோக்களை வெட்டி ஒட்டி, தமிழில் குரல் கொடுத்து, பாட்டுச் சேர்த்துப் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் மறுபடியும் அந்த வீடியோ என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கின்றன. நல்ல தூக்கம். ஒன்றின் கை இன்னொன்றின் கையில். தண்ணீர் மெல்ல இரண்டையும் பிரிக்கிறது; கொஞ்ச நேரத்தில் மிதந்து மிதந்து பக்கத்தில் வந்து மறுபடி பிடித்துக்கொள்கின்றன. பின்னணியில் காதல் பாட்டு. திரையில் எழுத்து: “தூக்கத்திலும் பிரியாத ஜோடி. ஆயுளுக்கும் ஒரே துணை.”

மறைப்பானேன், சில வருடங்களுக்கு முன் இதே வீடியோவை எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பியவன் நான். அதனால் இதை வாத்தியார் பிரம்போடு எழுதும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் அந்த விலங்கைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்தபின் அந்தப் பாட்டைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அதன் அழகைக் காட்டும்போது அதன் பசியையும் காட்டுங்கள். கடல் நீர்நாய் செய்கிற எல்லாமே, கடலுக்கு அதனால் ஆகிற எல்லாமே, பசியிலிருந்துதான் வருகிறது.

முதலில் அந்த வீடியோ. அது கடலில் எடுத்ததே இல்லை. கனடாவின் வான்கூவர் நகரத்துக் கடலுயிர்க் காட்சியகத்தில் எடுத்தது. 2007-இல் இணையத்தில் ஏறி உலகம் சுற்றியது. ஆணின் பெயர் மைலோ, பெண்ணின் பெயர் நையாக். நையாக் அங்கே வந்த கதையை எந்த ரீல்ஸிலும் நான் பார்த்ததில்லை. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் பகுதியில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் கடலடிப் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. அந்த எண்ணெயிலிருந்து மீட்கப்பட்ட குட்டிகளில் ஒன்றுதான் நையாக். கிட்டத்தட்ட ஆயிரம் கடல் நீர்நாய்களின் உடல்களைப் பொறுக்கி எடுத்தார்கள். செத்தவை அதைவிட மிக அதிகம். அந்தப் பகுதியில் அவற்றின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 25 ஆண்டுகள் பிடித்தன. நையாக் 2008-இல் இறந்துபோனது. நாம் “ஸோ க்யூட்” என்று இதயம் போட்டது அந்தக் கைக்குத்தான்.

எண்ணெய் ஏன் இதை மட்டும் இப்படிப் போட்டுத் தாக்குகிறது? திமிங்கலம், சீல் போன்றவற்றுக்குத் தோலுக்கடியில் கனத்த கொழுப்புப் படலம் உண்டு. கடல் நீர்நாய்க்கு அது கிடையாது. இருப்பதெல்லாம் ரோமம்தான். உலகில் வேறெந்த விலங்குக்கும் இவ்வளவு அடர்த்தியான ரோமம் இல்லை. அடர்ந்த இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல். நம் தலை முழுவதும் இருப்பது அதற்குள் அடங்கிவிடும். இந்த ரோமத்துக்கிடையில் காற்று அடைபட்டிருக்கும். அந்தக் காற்றுப் போர்வைதான் குளிர்ந்த நீருக்கும் தோலுக்கும் இடையில் இருக்கும் ஒரே தடுப்பு. எண்ணெய் பட்டால் ரோமம் ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறும், தண்ணீர் உள்ளே புகும். பிறகு விறைத்துச் சாவதுதான்.

இப்போது நீங்கள் போடும் மற்றக் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு கையாலும் கன்னத்தைத் தேய்த்துக்கொள்ளும், தலைகுப்புறப் புரளும், தன் வயிற்று ரோமத்தைத் தானே ஊதும். “வெட்கப்படுது பாருங்க” என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். அது தன் போர்வைக்குள் காற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் இந்த வேலை நடக்கும். நடக்காவிட்டால் குளிர் உள்ளே வந்துவிடும். கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கும்பிடுவது மாதிரி வைத்துக்கொண்டு மிதப்பதும் அப்படித்தான். உள்ளங்கையில் ரோமம் கிடையாது. நனைந்தால் அந்த வழியே சூடு போய்விடும், அதனால் வெளியே நீட்டிக்கொள்கிறது.

ஆயுளுக்கும் ஒரே துணை என்பதும் சரியில்லை. ஆணும் பெண்ணும் சேர்வது சில நாட்கள்தான். அதுவும் உங்கள் பாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி இருக்காது. ஆண், பெண்ணின் மூக்கைக் கடித்துப் பிடித்துக்கொண்டே சேரும். வயது வந்த பெண்களின் மூக்கில் தழும்பு இருப்பது சாதாரணம். அந்தக் காயத்தால் செத்துப்போவதும் உண்டு. பிறகு ஆண் தன் வழியே போய்விடும். குட்டியை வளர்ப்பது முழுக்கத் தாயின் தலையில். சும்மா இருக்கும்போது கூட்டமாக மிதப்பது உண்மை, ஆனால் பெரும்பாலும் பெண்களும் குட்டிகளும் ஒரு பக்கம், ஆண்கள் வேறு பக்கம். அலை இழுத்துப் போகாமலிருக்க அவை பிடித்துக்கொள்வது கெல்ப் எனும் நீண்ட கடற்பாசியைத்தான். அதன் இழைகளை உடம்பில் சுற்றிக்கொண்டு தூங்கும்.

சரி, பசிக்கு வருகிறேன். கொழுப்பில்லாத உடம்பைக் குளிர்ந்த கடலில் சூடாக வைத்திருக்க அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அளவுக்கு அது சாப்பிடுகிறது. இருபத்தைந்து கிலோ விலங்குக்கு ஆறு கிலோவுக்கு மேல் நண்டு, மட்டி, சிப்பி, கடல் முள்ளெலி எனும் முள் உருண்டை உயிர். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொரு சங்கதியைக் காட்டியது: அதன் தசைகள் அசையாமல் இருக்கும்போதும் எரிபொருளை எரித்து வெறும் சூடாக்கிக்கொண்டிருக்கின்றன. பிறந்த குட்டிகளிலேயே இது தொடங்கிவிடுகிறது. தூங்கும்போதும் அடுப்பு எரிகிறது என்றால் விறகு எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே.

கல்லால் சிப்பி உடைப்பதும் இந்த விறகு தேடல்தான். முன்னங்காலுக்கடியில் தொளதொளவென்று தோல் ஒரு பை போல மடிந்திருக்கும். முக்குளித்துப் பிடித்த இரையை அதில் போட்டுக்கொண்டு மேலே வரும். வயிற்றின் மேல் கல்லை வைத்து அதில் சிப்பியை மோதி உடைக்கும். ஒரே கல்லைப் பல முக்குளிப்புகளுக்கு வைத்திருப்பது உண்மை. ஆயுளுக்கும் ஒரே கல் என்பது நாம் தூவிய மசாலா. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. எல்லா நீர்நாயும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை. உணவு தட்டுப்பாடாக இருக்கும் இடங்களில் ஒன்று நண்டில் கெட்டி, இன்னொன்று கடல் நத்தையில் கெட்டி. தாயின் பழக்கம் குட்டிக்கு வரும். கலிபோர்னியாவில் ஏறத்தாழ இருநூறு நீர்நாய்களைத் தொடர்ந்து பார்த்து 2024-இல் எழுதினார்கள்: கல்லை அதிகம் பயன்படுத்துபவை பெரும்பாலும் பெண்கள். உடம்பு சிறியது, கடிக்கும் வலு குறைவு. கல் இருப்பதால் கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் இரையையும் உடைக்க முடிகிறது, பல்லும் தேயாமல் தப்புகிறது. பல் போனால் பட்டினி, பட்டினி கிடந்தால் சாவு. அந்தக் கல்லை விளையாட்டுச் சாமானாகக் காட்டும்போது இதையும் ஒரு வரி சொல்லலாமே.

அடுத்து, இந்தப் பசி கடலுக்கு என்ன செய்கிறது என்பது. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல வீடியோ ஒன்று இதற்குள் இருக்கிறது.

1741-இல் விட்டஸ் பேரிங் தலைமையில் போன ரஷ்யக் கப்பல் வடக்குப் பசிபிக்கில் ஆளில்லாத தீவொன்றில் தரை தட்டியது. பேரிங் அங்கேயே இறந்தார். பிழைத்துத் திரும்பியவர்கள் கடல் நீர்நாய்த் தோல்களோடு போனார்கள். உலகின் அடர்த்தியான ரோமத்துக்குச் சந்தையில் என்ன விலை கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த 170 ஆண்டுகள் வேட்டை. ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை இருந்திருக்கலாம் என்று கணிக்கப்படும் விலங்கு ஓரிரு ஆயிரமாகச் சுருங்கியது. வேட்டைக்காரர்களின் சாப்பாட்டுக்காக அடிக்கப்பட்ட ஸ்டெல்லர் கடற்பசு, கண்டுபிடிக்கப்பட்ட 27 ஆண்டுகளில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்தது. 1911-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டு நிறுத்தியபோது, பதின்மூன்று இடங்களில் சின்னச் சின்னக் கூட்டங்களாக மட்டும் அது மிஞ்சியிருந்தது. கலிபோர்னியாவில் எல்லாம் அழிந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். 1938-இல் பிக் சர் கரையில் ஐம்பது போல மிதப்பதைப் பார்த்தார்கள்.

தப்பிய கூட்டங்களில் ஒன்று அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஒன்றான அம்சிட்காவில் இருந்தது. அமெரிக்கா தன் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளில் சிலவற்றை நடத்தியதும் அதே தீவில்தான். சோதனையால் உயிரினங்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்கப் பணம் ஒதுக்கினார்கள், அந்தப் பணத்தில் இளம் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். (நல்ல அறிவியல் சில சமயம் எந்த வாசல் வழியாக வருகிறது பாருங்கள்.) அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் எஸ்டெஸ். கெல்ப் காடு நீர்நாய்களை எப்படி வாழவைக்கிறது என்று ஆராய்வதுதான் அவருடைய திட்டம். அங்கே வந்த ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர், கேள்வியைத் திருப்பிப் போடச் சொன்னார்: நீர்நாய்கள் அந்தக் காட்டுக்கு என்ன செய்கின்றன?

எஸ்டெஸும் ஜான் பால்மிசானோவும் மேற்கே சில நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஷெம்யா தீவுக்குப் போனார்கள். அதே கடல், அதே குளிர், அதே பாறை. ஒரே வித்தியாசம், அங்கே வேட்டையில் அழிந்த நீர்நாய் திரும்பி வரவில்லை. தண்ணீருக்குள் இறங்கியதும் விடை கண்ணெதிரே கிடந்தது. கடலடி முழுக்கப் பச்சை நிறத்தில் முள் உருண்டைகள். கெல்ப் என்று சொல்ல ஒன்றுமில்லை. அம்சிட்காவிலோ அடர்ந்த கெல்ப் காடு, அதற்குள் மீன்கள். கடல் முள்ளெலி கெல்ப்பைத் தின்னும். பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பிடியை அது கடித்துவிட்டால் மொத்தத் தண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். நீர்நாய் இருக்கும் இடத்தில் முள்ளெலி பெருத்துக் கூட்டம் சேர வழியில்லை, தின்றுவிடும். 1974-இல் அந்த ஒப்பீடு வெளியானது. அதிலிருந்து பாடப் புத்தகங்களில் கடல் நீர்நாய்க்கு நிரந்தர இடம். பெய்ன் அதற்கு முன்பே இத்தகைய உயிர்களுக்கு ‘கீஸ்டோன்’ இனம் என்று ஒரு பெயர் வைத்திருந்தார். கல்வளைவின் உச்சியில் செருகும் திறவுகோல் கல்லைக் கொண்டு வைத்த பெயர். அந்த ஒரு கல்லை உருவினால் வளைவு சரியும்.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். “கடலைக் காக்கும் சூப்பர் ஹீரோ!” என்று பெரிய எழுத்தில். கொஞ்சம் பொறுங்கள். காதல் ஜோடி என்பதற்குப் பதில் காவல் தெய்வம் என்று சொல்வதும் அந்த விலங்கைப் பார்க்காமல் இருப்பதற்கு இன்னொரு வழிதான்.

அது யாரையும் காக்கக் கிளம்பவில்லை. சாப்பிடுகிறது, அவ்வளவே. 2013 முதல் வட அமெரிக்க மேற்குக் கரையில் நட்சத்திர மீன்கள் ஒரு நோயில் கொத்துக் கொத்தாகக் கரைந்து செத்தன. முள்ளெலியைத் தின்னும் இன்னொரு முக்கிய விலங்கும் அவற்றில் ஒன்று. தொடர்ந்து கடல் இயல்புக்கு மீறிச் சூடேறியது. வடக்குக் கலிபோர்னியாவில் கெல்ப் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. அங்கே கடல் நீர்நாய் ஏற்கெனவே கிடையாது. தெற்கே மான்டரே பகுதியில் இருக்கிறது. அங்கே என்ன நடந்தது? மொட்டையாகிப்போன பாறைகளில் முள்ளெலிகள் குவிந்து கிடந்தும் நீர்நாய்கள் அவற்றைத் தொடவில்லை. தின்னக் கெல்ப் இல்லாமல் அவை உள்ளே வெறும் கூடாக இருந்தன. உடைத்தால் சாப்பிட ஒன்றுமில்லை. பசித்த விலங்கு காலி ஓட்டுக்காக முக்குளிக்குமா? மிச்சமிருந்த கெல்ப் திட்டுகளுக்குள் இருந்த கொழுத்த முள்ளெலிகளைத்தான் தேடித் தின்றன. அதனால் அந்தத் திட்டுகள் தப்பின, மொட்டைப் பாறைகள் மொட்டையாகவே நின்றன. 2021-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்த விலங்கின் மேல் மரியாதை கூடியதே தவிர குறையவில்லை. ஆனால் சூப்பர் ஹீரோ தலைப்பில் இது அடங்காது.

அலூஷியனிலும் கதை சுபமாக முடியவில்லை. 1990-களில் அங்கே நீர்நாய்கள் வேகமாகக் குறைந்தன. நோய் இல்லை, பட்டினியும் இல்லை. ஓர்கா எனும் கொலைத் திமிங்கலங்கள் அவற்றைத் தின்னத் தொடங்கியதே காரணம் என்று 1998-இல் எஸ்டெஸும் கூட்டாளிகளும் எழுதினார்கள். முள்ளெலிகள் மறுபடி பெருகின, கெல்ப் மறுபடி சரிந்தது.

கெல்ப்பே இல்லாத இடத்திலும் இந்தப் பசி வேலை செய்கிறது, அதை யாரும் காட்டுவதில்லை. கலிபோர்னியாவின் எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகத்தில் வயல்களிலிருந்து வரும் உரத்தால் கடற்புல்லின் மேல் பாசி படிந்து மூடிக்கொண்டிருந்தது. நீர்நாய்கள் வந்து நண்டுகளைத் தின்றன. நண்டு குறைந்ததும் அது தின்றுகொண்டிருந்த பூச்சி மாதிரியான சின்ன உயிர்களும் ஓடில்லாத கடல் நத்தைகளும் பெருகின. அவை புல்லின் மேலிருந்த பாசியை மேய்ந்தன. புல் பிழைத்தது. ஓரங்களில் நண்டு வளை தோண்டி, சதுப்புச் செடியின் வேரைத் தின்று கரையைச் சரித்துக்கொண்டிருந்ததும் தணிந்தது. கரை அரிப்பு மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாக 2024-இல் கணக்குச் சொன்னார்கள். அந்த நீர்நாய்க் கூட்டம் பெருகியதில் பாதிக்கு மேல், மான்டரே காட்சியகத்தில் வளர்ப்புத் தாய்களிடம் வளர்ந்து விடப்பட்ட அநாதைக் குட்டிகளும் அவற்றின் சந்ததியும். கண்ணீர் வரவழைக்கும் வீடியோதான் வேண்டுமென்றால் இதை எடுங்களேன், பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

நண்டு பிடிப்பவர்களை வில்லனாக்கவும் வேண்டாம். நாளுக்கு ஆறு கிலோ தின்னும் விலங்கு ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தால், தென்கிழக்கு அலாஸ்காவில் நண்டையும் முள்ளெலியையும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு அடி விழத்தான் செய்கிறது. 1960-களில் சில நூறு நீர்நாய்களைக் கொண்டுபோய் விட்ட இடம் அது. இன்று அங்கே பல்லாயிரம். ஓரிகன் மாநிலத்தில் 1970, 71-இல் 93 விட்டார்கள், பத்துப் பதினைந்து ஆண்டில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அங்கே மறுபடி விடலாமா என்ற பேச்சு இப்போது நடக்கிறது. நண்டுக்காரரின் கவலையும் அந்தப் பேச்சில் ஒரு நியாயமான குரல்.

இன்னும் ஒன்று, இது கொஞ்சம் கோபத்தோடு. “கடல் நீர்நாய்” என்று தலைப்புப் போட்டு நீங்கள் காட்டுவதில் பாதி கடல் நீர்நாயே இல்லை. நீர்நாய் நமக்குப் பழைய சொல். சங்கப் பாடல்களிலேயே வாளை மீனைப் பிடித்துத் தின்னும் நீர்நாய் வருகிறது. அது நன்னீர் விலங்கு. கடல் நீர்நாய் வடக்குப் பசிபிக் கரையைத் தவிர வேறெங்கும் கிடையாது. வீட்டுத் தொட்டியில் குளிக்கிறது, மடியில் படுத்துப் பால்புட்டி குடிக்கிறது என்று வருபவை பெரும்பாலும் ஆசியச் சிறுநக நீர்நாய்கள். செல்லப்பிராணி வியாபாரத்துக்காகக் குட்டிகளைப் பிடித்துக் கடத்துவது மிகுந்துபோய், 2019-இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் முதல் இணைப்பில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் காட்சிக்குக் கீழே “எனக்கும் ஒண்ணு வேணும்” என்று வரும் கருத்துகளுக்கு நீங்கள் இதயம் போடுகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

2023-இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கரையில் 841 என்று எண்ணிட்ட பெண் நீர்நாய் அலைச்சறுக்குப் பலகைகளில் ஏறிப் பிடுங்கியதைச் சிரிப்பு வீடியோவாகப் போட்டீர்கள். மனிதர்களிடம் பயம் விட்டுப்போன விலங்கு அது. பிடித்துக் கொண்டுபோக அதிகாரிகள் அலைந்தார்கள், கிடைக்கவில்லை. சில மாதங்களில் அது குட்டியோடு தென்பட்டது, வயிற்றில் குட்டியைச் சுமந்துகொண்டுதான் அத்தனை ஓட்டமும். படம் எடுக்கப் படகில் நெருங்குகிறவர்களால் தூக்கம் கலைந்து முக்குளிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அடுப்புக்கு இன்னொரு கட்டை விறகு தேவைப்படுகிறது. குறைந்தது இருபது மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. அதைவிட நெருக்கத்தில் எடுத்தது போலத் தெரிந்தால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை போட ஒன்று சொல்கிறேன். தாயும் குட்டியும் இருக்கும் காட்சிகள் நிறைய உண்டு. பிறந்த குட்டியின் ரோமத்தில் காற்று அவ்வளவு அடைந்திருப்பதால் அது தக்கை மாதிரி மிதக்கும், முங்க நினைத்தாலும் முடியாது. தாய் அதை வயிற்றில் வைத்தே பால் கொடுத்து, ரோமம் கோதி, ஆறு மாதம் வளர்க்கும். அந்த ஆறு மாத முடிவில் தாய்க்குத் தேவைப்படும் உணவு ஏறத்தாழ இரட்டிப்பு. பல தாய்கள் அதற்குள் எலும்பும் தோலுமாகிவிடும். இரை தேடக் கீழே போகும்போது சில தாய்கள் குட்டியைக் கெல்ப்பில் சுற்றி விட்டுப் போகும். மேலே குட்டி தனியாக மிதந்துகொண்டு கத்தும். ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு. பிறகு தாய் மேலே வரும், கையில் ஒரு நண்டோடு.

அந்த ஒரு நிமிடத்தை வெட்டாமல் போடுங்கள். பாட்டு வேண்டாம். குட்டி கத்துவது கேட்கட்டும்.

இப்படிக்கு,
அந்த வீடியோவை எல்லோருக்கும் அனுப்பியவர்களில் ஒருவன்